அத்தியாயம் 6: பூட்டில் தொங்கும் சாவி

ஒரு கை, வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. காரின் பின்பெட்டிக்குள் குண்டு போகிறது. ஏதும் அறியாத ஒரு ஆணும் பெண்ணும் அந்தக் காரில் ஏறிப் புறப்படுகிறார்கள். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) இப்படித் தொடங்குகிறது. அடுத்த மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒரு வெட்டுகூடக் கிடையாது. கிரேனில் ஏறிய கேமரா, மெக்சிகோ எல்லையோர ஊர் ஒன்றின் இரவுத் தெருக்களில் அந்தக் காரோடு நகர்கிறது. போக்குவரத்துக்காகக் கார் நிற்கிறது. ஆடுகள் குறுக்கே வருகின்றன. புதிதாக மணமான ஒரு தம்பதி காரை ஒட்டியே நடந்து போகிறார்கள். எப்போது வெடிக்கும் என்பது மட்டுமே பார்ப்பவருக்குத் தெரியாது. மற்ற எல்லாம் தெரியும்.

இந்த ஷாட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. படம் வெளியானபோது ஸ்டூடியோ இதன்மேல் டைட்டில் எழுத்துகளை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் டைட்டில் இசையையும் போட்டது. வெல்ஸ் விரும்பியது அதுவல்ல. அவர் எழுதி வைத்திருந்த 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றி, 1998-இல் ஒலி வடிவமைப்பாளரும் எடிட்டருமான வால்டர் மர்ச் படத்தை மீண்டும் தொகுத்தார். எழுத்துகளும் டைட்டில் இசையும் போயின. தெருவோர மதுக்கடைகளின் பாட்டு, காரின் ரேடியோ, மக்களின் சத்தம் ஆகியவை மட்டும் மாறி மாறிக் கேட்டன. எழுத்துகள் போனதைத் தவிர இந்த ஷாட்டின் காட்சியில் எதுவும் மாறவில்லை. ஆனால் இப்போது கார் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் அதன் ரேடியோ காதுக்குக் கேட்கிறது. பாட்டு நெருங்கினால் குண்டு நெருங்குகிறது என்று பொருள்.

இந்த அத்தியாயத்துக்குத் தேவையான கோட்பாடு இவ்வளவுதான். பார்ப்பவருக்கு ஒரு ஆபத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். அதன்பின் கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு வேறு வேலை என்று பிரித்துக்கொடுக்க வேண்டும். கேமரா காட்டுவதையே ஒலியும் திரும்பச் சொன்னால் பதற்றம் அங்கேயே வடிந்துவிடும்.

எடுக்கப்போகும் காட்சி

மூன்று நிமிடக் காட்சி. ஒரு வீடு, ஒரு கதவு, இரண்டு நடிகர்கள், ஒரு ஃபோன் கேமரா, ஒலிப்பதிவுக்கு இன்னொரு ஃபோனும் ஒரு காலர் மைக்கும் போதும்.

அடுக்குமாடி வீடு. இரவு. இரண்டு கையிலும் பைகளோடு வரும் பெண், கதவைத் திறந்து உள்ளே போகிறாள். சாவியை எடுக்க மறந்துவிடுகிறாள். கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவிக்கொத்து வெளியே பூட்டிலேயே தொங்குகிறது. அதில் ஒரு சின்ன மணி. கை நிறையப் பைகள் இருந்ததால் அவள் உள்தாழ்ப்பாளும் போடவில்லை. சற்று நேரத்தில் மாடிப்படியில் யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம். கடைசியில் மணி குலுங்குகிறது. வெளியே சாவி திரும்புவதும் உள்ளே அவள் தாழ்ப்பாளை நோக்கி ஓடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

படி 1: யாருக்கு, எப்போது, என்ன தெரியும்?

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவது பார்ப்பவர், இரண்டாவது அந்தப் பெண், மூன்றாவது வெளியே வருபவன். காட்சியின் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் எதிரே அவரவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

சாவி வெளியே இருப்பது பார்ப்பவருக்கு 20-ஆவது விநாடியிலேயே தெரிந்துவிடுகிறது. அவளுக்கு இரண்டரை நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. இடைப்பட்ட அந்த இரண்டு நிமிடத்துக்கும் மேலான நேரம்தான் காட்சியின் உயிர். முதல் படம் எடுக்கும் பலர் இந்த வரிசையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். சாவி விஷயத்தைக் கடைசியில் திருப்பமாக வைத்து, திடீரென மணியை அடிக்கவிட்டு அதிரவைக்கப் பார்க்கிறார்கள். அந்த அதிர்ச்சி ஒரு விநாடி நிற்கும். அதற்கு முந்தைய இரண்டு நிமிடமும் ஒரு பெண் சமையலறையில் காய் அடுக்குவதைப் பார்த்ததாகவே முடியும்.

ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்திலும் ஒரு சாவிதான் மையம். விருந்து நடக்கும் பெரிய கூடத்தை மாடியிலிருந்து காட்டத் தொடங்கும் கேமரா, ஒரே நகர்வில் மெல்ல இறங்கி, இங்க்ரிட் பெர்க்மனின் மூடிய கைக்குள் இருக்கும் மதுக்கிடங்குச் சாவியில் வந்து நிற்கிறது. அத்தனை பேர் நடுவே அந்தச் சாவியைப் பார்ப்பவர் நாம் மட்டுமே. அதே காட்சித் தொடரில் நேரம் குறைவதைக் காட்ட ஹிட்ச்காக் சுவர்க்கடிகாரத்தைத் தேடவில்லை. பனிக்கட்டியில் வைத்திருக்கும் ஷாம்பெயின் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அவை தீர்ந்தால் வீட்டுக்காரர் கிடங்குக்குக் கிளம்பிவிடுவார். நம் காட்சியில் அந்த வேலையை ஒரு குடம் செய்யட்டும். குழாய்த் தண்ணீரில் அது நிறைகிறது. நிறைந்ததும் அவள் குழாயை மூடுவாள். மூடினால் வெளிச்சத்தம் அவளுக்குக் கேட்கும்.

படி 2: ஷாட்டுக்கு முன்பே ஒலியை எழுதுங்கள்

பெரும்பாலான குறும்படங்களில் ஒலி, எடிட் முடிந்த பிறகே நினைவுக்கு வருகிறது. திரில்லருக்கு இது ஆகாது. முதலில் கண்ணை மூடி, காட்சியை வானொலி நாடகம் போல மனத்துக்குள் ஓட்டிப்பாருங்கள். கேட்டவற்றை வரிசையாக எழுதுங்கள்:

1. சாவிக்கொத்தின் மணி. மூன்று முறை மட்டும் வர வேண்டும்: கதவு திறக்கும்போது, கதவு மூடிய அதிர்வில், கடைசியில்.
2. மின்விசிறியின் சீரான 'டக், டக்'.
3. பக்கத்து வீட்டு டி.வி., சுவர் வழியாக.
4. குழாய்த் தண்ணீர்.
5. படியேறும் செருப்பு.
6. அவளுடைய மூச்சு.

இதற்குமேல் வேண்டாம். நாய் ஊளை, இடி, கதவு கிரீச்சிடுவது ஆகியவை எல்லாப் படத்திலும் கேட்டுத் தேய்ந்த சத்தங்கள். இந்த வீட்டுக்கென்று உள்ள சத்தங்களே நம்பவைக்கும்.

முதல் முறை மணி ஒலிக்கும்போது அதில் பயம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு பயமுறுத்தப்போகும் ஒலியை முதலில் சாதாரணமாக அறிமுகம் செய்ய வேண்டும். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' படத்தில், கொலைகாரனின் முகம் சரியாகத் தெரிவதற்கு முன்பே அவன் விசிலடிக்கும் ஒரு மெட்டு கேட்டுவிடுகிறது. அது கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் பிரபலமான மெட்டு. பின்னால் பலூன் விற்கும் பார்வையற்றவர் அந்த மெட்டை வைத்தே அவனை அடையாளம் காண்கிறார். பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், கதையின் முடிச்சையே ஒரு ஒலியிடம் ஒப்படைத்த துணிச்சல் அது.

படி 3: வீட்டின் வரைபடம்

கூடம், சமையலறை, கதவு, குழாய் ஆகியவற்றைத் தாளில் வரையுங்கள். கதவுக்கும் அவள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு நேர்கோடு போடுங்கள். கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்கட்டும். அப்போது எந்த ஷாட்டிலும் கதவு வலப்பக்கமே இருக்கும். அவள் முகம் மட்டும் தெரியும் க்ளோஸ்-அப்பிலும், அவள் வலப்பக்கம் திரும்பினால் கதவைப் பார்க்கிறாள் என்று புரிந்துவிடும். கோட்டைத் தாண்டினால் கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் தேட ஆரம்பிப்பார். குழம்பியவர் பயப்பட மாட்டார்.

தாழ்ப்பாளுக்கும் அவளுக்கும் எத்தனை அடி தூரம் என்பதை ஒரு வைட் ஷாட்டில் முன்பே காட்டிவிடுங்கள். கடைசி ஓட்டத்தின் பதற்றம் முழுவதும் இந்தத் தூரத்தைச் சார்ந்தது.

படி 4: ஷாட் வரிசை

1. *வராந்தா, வைட், ட்ரைபாட்.* அவள் வருகிறாள், திறக்கிறாள், போகிறாள், கதவு மூடுகிறது. கேமரா அசையாது. அவள் போன பிறகும் ஐந்து விநாடி ஓடட்டும். சாவிக்கொத்து ஆடி நிற்கும்வரை வெட்டாதீர்கள். 'ஒருவர் போன பிறகும் கேமரா ஏன் நிற்கிறது?' என்ற கேள்வி எழும்போதே பார்வை சாவிக்குப் போய்விடும். தனியாக க்ளோஸ்-அப் தேவையில்லை.
2. *கூடம், வைட், சமையலறையிலிருந்து.* அவள் பைகளோடு கேமராவை நோக்கி வருகிறாள். பின்னால், வலப்பக்கத்தில் கதவு, திறந்தே கிடக்கும் தாழ்ப்பாள்.
3. *சமையலறை, மிட் ஷாட்.* குழாயைத் திறக்கிறாள். சட்டகத்தின் இடப்பாதியில் அவள். வலப்பாதி வெறுமை, தூரத்தில் கதவு. இந்த ஷாட் நீளமாக, 25 விநாடியாவது இருக்கட்டும்.
4. *குடம், க்ளோஸ்-அப்.* முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.
5. *அவள் முகம், மிட் க்ளோஸ்.* செருப்புச் சத்தம் நமக்குக் கேட்கிறது. அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே.
6. *குழாயை மூடும் கை.* செருப்புச் சத்தம் நிற்கிறது. அவள் நிமிர்கிறாள்.
7. *அவள் பார்வையில் கதவு.* கீழே ஒரு கோடு வெளிச்சம். அதில் இரண்டு பாதங்களின் நிழல்.
8. *பைக்குள் சாவியைத் தேடும் கைகள், டாப் ஆங்கிள்.* சாவி இல்லை.
9. *கண்கள், எக்ஸ்ட்ரீம் க்ளோஸ்-அப்.* மணி குலுங்குகிறது.
10. *தாழ்ப்பாள், கை.*

ஷாட்டின் அளவு மெல்ல நெருங்கி வருவதைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே க்ளோஸ்-அப்களைச் செலவழித்துவிட்டால் 9-ஆவது ஷாட்டுக்கு வலிமை மிஞ்சாது.

மூன்றாவது ஷாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் பள்ளிக்கு வெளியே கதாநாயகி சிகரெட் புகைத்தபடி காத்திருக்கும் காட்சியை, படம் எடுக்க விரும்பும் ஒவ்வொருவரும் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. பிறகு கேமரா கம்பிகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் முகத்திலேயே நெடுநேரம் நிற்கிறது. எத்தனை காகம் சேர்ந்திருக்கும் என்று நாமே எண்ணத் தொடங்குகிறோம். கடைசியில் வானத்தில் பறக்கும் ஒற்றைக் காகத்தை அவள் கண்கள் தொடர்கின்றன. அது போய் இறங்கும் இடத்தில் கம்பிகள் முழுவதும் கறுப்பு. இந்த நேரமெல்லாம் பின்னணி இசை இல்லை. பள்ளிக்குள் குழந்தைகள் பாடும், முடிவே இல்லாமல் சுழலும் ஒரு பாட்டு மட்டும் கேட்கிறது. பயமுறுத்தும் பொருளைக் காட்டுவதைவிட, அதைக் காட்டாமல் நிறுத்தி வைக்கும் நேரத்தைக் கணக்கிடுவதுதான் கடினமான வேலை.

குறிப்பு: கேமராவை எப்போது அசைப்பது? காரணம் இருந்தால் மட்டும். கையில் பிடித்து நடுங்கவிட்டால் பதற்றம் வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடுக்கம் 20 விநாடியில் கண்ணுக்குப் பழகிவிடும். இந்தக் காட்சியில் கேமரா அசைய வேண்டியது ஒரே இடத்தில்தான். ஏழாவது ஷாட்டில், அவள் கதவை நோக்கி அடியெடுத்து வைக்கும்போது கேமராவும் அதே வேகத்தில் முன்னேறட்டும். ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படத்தில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் அதை அதிகம் காட்ட முடியாமல் போனது. நீருக்கடியிலிருந்து நீந்துபவரின் கால்களை நோக்கி நகரும் கேமராவே சுறாவாகிவிட்டது.

படி 5: இருட்டுக்கும் விளக்கு வேண்டும்

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு எடுத்தால் ஃபோன் தானாக ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிடும். திரையில் புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். போதிய வெளிச்சத்தில் எடுத்து, ஒரு பகுதியை மட்டும் இருட்டில் விடுவதே வழி.

- சமையலறையில் ஒரு விளக்கு எரியட்டும். கூடத்து விளக்கை அணைத்துவிடுங்கள்.
- ஏழாவது ஷாட்டுக்கு வராந்தாவில், கதவிலிருந்து ஆறேழு அடி தள்ளித் தரையை ஒட்டி ஒரு எல்.இ.டி. விளக்கு வையுங்கள். மிதியடியை எடுத்துவிடுங்கள். உள்ளே கூடம் இருட்டாக இருந்தால்தான் கதவிடுக்கின் வெளிச்சமும் பாத நிழலும் துலங்கும்.
- ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் திரையை நீண்ட நேரம் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஷாட்டின் நடுவே வெளிச்சம் தானாகக் கூடிக்குறையும்.
- ஷட்டரை 1/50-இல் வையுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு வேகத்தில் சில எல்.இ.டி. விளக்குகள் திரையில் பட்டை பட்டையாகத் துடிக்கும்.

படி 6: கேமராவை ஆன் செய்வதற்கு முன், பாதுகாப்பு

வீட்டுக்குள் எடுக்கும் சின்னப் படம்தானே என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2' படத்துக்கான கிரேன் சரிந்து மூவர் இறந்தனர். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படத்துக்கான ஒத்திகையில், காலி என்று நம்பப்பட்ட துப்பாக்கியிலிருந்து உண்மைக் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். இரண்டுமே தொழில்முறைப் படப்பிடிப்புகள்.

1. அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். இரவில் கதவு தட்டும் சத்தமும் அலறலும் கேட்டால் யாரேனும் போலீஸை அழைக்கலாம், அல்லது தடியோடு ஓடிவரலாம். வாட்ச்மேன், மேல்மாடி, கீழ்மாடி, குடியிருப்போர் சங்கம் என எல்லாருக்கும் நேரத்தோடு தெரிவியுங்கள். தெருவில் எடுப்பதானால் காவல்துறை அனுமதி அவசியம்.
2. உண்மையான கத்தி வேண்டாம். ரப்பர் அல்லது அட்டைக் கத்தி போதும். துப்பாக்கி வடிவப் பொம்மையை வராந்தாவிலோ தெருவிலோ வெளியே எடுக்கவே கூடாது.
3. கதவைப் பூட்டியபடி நடிக்க வேண்டாம். கடைசி ஷாட்டில் ஒருவர் வெளியே தள்ளுகிறார், ஒருவர் உள்ளே ஓடிவருகிறார். விரல் நசுங்குவது இங்கேதான். கதவு விளிம்பில் ஒரு மடித்த துணியை வைத்து முழுதாக மூடாமல் செய்யுங்கள். முதல் மூன்று ஒத்திகையும் நடை வேகத்தில் நடக்கட்டும்.
4. ஈரமும் மின்சாரமும். குழாயும் குடமும் இருக்கும் சமையலறையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. ஒயர்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ஈரத்தரையில் ஓடவிடாதீர்கள்.
5. நிறுத்தச் சொல்லும் சொல். பயந்து நடிப்பவர் உண்மையாகவே பயந்தாலும் வித்தியாசம் தெரியாது. 'கட்' தவிர, நடிகர் சொன்னதும் எல்லாரும் நிறுத்த வேண்டிய ஒரு சொல்லை முன்பே முடிவு செய்யுங்கள்.

நடிகரை உண்மையாக மிரளவைத்து ரியாக்‌ஷன் எடுக்கும் பழக்கத்தை எந்தப் பெரிய இயக்குநரின் பெயரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. திரையில் தெரியும் பயம் எடிட்டிலும் ஒலியிலும் உண்டாக்கப்படுவது.

படி 7: ஒலிப்பதிவு

படப்பிடிப்பு நாளிலேயே, நடிகர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஒலிக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. மின்விசிறி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவது வழக்கம். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்பும்போது நினைவு வந்துவிடும். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது.
2. அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாமல், அசையாமல். இதுதான் ரூம் டோன். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, வராந்தாவுக்கு ஒன்று.
3. மணியை மூன்று விதமாக எடுங்கள். முதலில் ஒரு அடி தூரத்தில். பிறகு வராந்தாவில் பத்தடி தள்ளி. கடைசியாக, கதவை மூடிவிட்டு, மைக்கைக் கூடத்தில் வைத்து. மூடிய கதவைத் தாண்டி வரும் ஓசையின் மங்கலை மென்பொருளில் செயற்கையாக உருவாக்குவதைவிட, நேரில் எடுப்பது எளிது, நம்பகமானது.
4. படியேறும் செருப்பை அதே படிக்கட்டில், அதே செருப்பில் எடுங்கள். தோல்செருப்புக்கும் ஹவாய் செருப்புக்கும் குணமே வேறு. ரப்பர் செருப்பு குதிகாலில் பட்டுத் தெறிக்கும் இரண்டாவது ஓசையால் ஆளின் வேகமும் மனநிலையும் தெரிந்துவிடும்.
5. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை மீட்க முடியாது.

தரை மாறினால் ஒலி மாற வேண்டும். குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் சிறுவன் மூன்று சக்கர வண்டியில் ஓட்டலின் தாழ்வாரங்களைச் சுற்றுகிறான். ஸ்டெடிகேமை வடிவமைத்த காரெட் பிரவுனே அதைத் தரையோடு தாழ்த்திப் பிடித்துப் பின்தொடர்கிறார். மரத்தரையில் சக்கரம் கடகடக்கிறது, கம்பளத்தில் ஏறியதும் அடங்கிவிடுகிறது, மறுபடி கடகடக்கிறது. ஆபத்தென்று எதுவும் திரையில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும் அடுத்த திருப்பத்தில் யார் இருக்கிறார்களோ என்று வயிறு இறுகுகிறது.

படி 8: கதவு என்னும் கருவி

இந்தக் காட்சியின் நேரடி முன்னோடியாக ஒன்றைப் பார்க்கச் சொல்ல வேண்டுமென்றால், அது கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் வரும் ஓட்டல் அறைக் காட்சி. ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ், ஒலி ஸ்கிப் லீவ்சே.

பணப்பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்ட சிக்னல் கருவியை, அந்தப் பணத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் மாஸ் கண்டுபிடிக்கிறான். தன்னைத் துரத்துபவன் அருகில் இருப்பது அவனுக்குப் புரிகிறது. கீழே வரவேற்பறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறான். ரிசீவரில் மணி அடிக்கிறது; கீழ்த்தளத்தில் அதே மணி மெலிதாகக் கேட்கிறது. யாரும் எடுக்கவில்லை. வரவேற்பாளருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைப் படம் அந்தக் கணத்தில் காட்டவில்லை. எடுக்கப்படாத அந்த மணியே சொல்லிவிடுகிறது. பிறகு விளக்கை அணைக்கிறான். கதவடியில் வெளிச்சக் கோடு. தாழ்வாரத்தில் காலடி. சிக்னல் கருவியின் 'பீப்'. கோட்டில் பாதங்களின் நிழல் வந்து நிற்கிறது, பிறகு நகர்ந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்து வெளிச்சமே அணைகிறது. வெளியே இருப்பவன் பல்பைக் கழற்றிவிட்டான். அடுத்து வரப்போவது என்ன என்பதைக் கதவே சொல்கிறது.

இதில் இசை இல்லை. வில்லனின் முகம் இல்லை. கண்ணிடம் இருப்பது ஒரு கோடு வெளிச்சம் மட்டும், மீதி எல்லாம் காதின் பொறுப்பு.

இதிலிருந்து நம் காட்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: வெளியே நிற்பவனை எந்த ஷாட்டிலும் காட்ட வேண்டாம். முகத்தைக் காட்டிவிட்டால் 'இன்னார்' என்று ஆகிவிடும். காட்டாதவரை அவன் யாராகவும் இருக்கலாம்.

படி 9: எடிட்

முதல் எடிட்டை இசை இல்லாமல், ரூம் டோன் மட்டும் போட்டுச் செய்யுங்கள். பிறகு இந்த மூன்றைக் கவனியுங்கள்.

*ஒலி முந்தட்டும்.* ஆறாவது ஷாட்டுக்கு வெட்டுவதற்கு ஒரு விநாடி முன்பே தண்ணீரின் ஓசை குடம் நிறைந்த ஓசையாக மாறட்டும். காதுக்கு விஷயம் முதலில் போய், கண் பின்தொடரும் இந்த வெட்டைத்தான் எடிட்டர்கள் ஜே-கட் என்கிறார்கள்.

*நின்றுபோகும் ஓசை.* ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) படத்தில், பூங்கா மதிலோரம் இரவில் நடக்கும் பெண்ணை இன்னொருத்தி பின்தொடர்கிறாள். இருவரின் குதிகால் ஓசையும் கேட்கிறது. திடீரென இரண்டாவது ஓசை மட்டும் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளி தாங்க முடியாமல் நீளும்போது, ஒரு பேருந்து சீறிக்கொண்டு சட்டகத்துக்குள் பாய்ந்து நிற்கிறது. ஆபத்து வரவில்லை, பேருந்துதான் வந்தது. பேருந்தைப் பலர் நகலெடுத்துவிட்டார்கள். கற்க வேண்டியது அதற்கு முந்தைய நிறுத்தத்தை. நம் காட்சியில் செருப்பு நிற்கும் நொடியும் குழாய் மூடும் நொடியும் கிட்டத்தட்ட ஒன்றாக விழ வேண்டும். குழாய் முந்தினால் அவளுக்குச் செருப்பு கேட்டுவிடும். செருப்பு மிகவும் முந்தினால் பார்ப்பவருக்கு அது நின்றதே தெரியாது. ஐந்தாறு சட்டகங்கள் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பாருங்கள்.

*அடுக்குகளை உரித்தல்.* மௌனம் என்பது ஒலித்தடத்தைக் காலியாக விடுவதல்ல. காலியாக விட்டால் ஃபோன் பழுதானதோ என்றுதான் தோன்றும். முதலில் எல்லா அடுக்கும் இருக்கட்டும்: விசிறி, டி.வி., தண்ணீர். பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். டி.வி.யை யாரோ அணைக்கிறார்கள். தண்ணீர் நிற்கிறது. விசிறியை மட்டும் யாரும் கவனிக்காதபடி பத்து விநாடியில் மெல்லக் குறையுங்கள். கடைசியில் ரூம் டோனும் மூச்சும் மட்டும். அந்தப் பின்னணியில் சின்ன மணியின் ஓசை, ஸ்பீக்கரை உச்சத்துக்கு ஏற்றாமலே, அறையை நிறைத்துவிடும். மூன்று நிமிடமும் சத்தமாக வைத்துவிட்டு, மணியை அதைவிடச் சத்தமாக வைக்க முயல்வது மிகப் பரவலான தவறு.

படி 10: இசை, தேவைப்பட்டால்

1954-இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாடலே இல்லாமல் எடுத்தார். தமிழ்ப் படமென்றால் பாட்டு நிறைந்திருக்கும் என்ற காலத்தில், சந்தேகத்தின் பிடியை நடுவில் தளரவிடாத அந்தத் தேர்வு இன்றும் வியக்க வைக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் 'குருதிப்புனல்' (1995), மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) இரண்டும் அதே பாதையில் நடந்தவை. பின்னதில் பாடலே இல்லாத படத்துக்கு இளையராஜா தந்த இசை 'முன்னணி இசை' என்றே டைட்டிலில் வந்தது.

இசையை எங்கே தொடங்குவது என்பதற்கு இரண்டு வழிகள். 'ஜாஸ்' படத்தில் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர மெட்டு சுறாவுக்கு முன்னால் வருகிறது; அது எச்சரிக்கை. இரண்டு சிறுவர்கள் அட்டைத் துடுப்பை வைத்து ஏமாற்றும் காட்சியில் அந்த மெட்டு வராது. படம் தன் விதியை அங்கேயும் மீறவில்லை. 'சைக்கோ' (1960) நேர் எதிர். குளியலறையில் முதலில் தண்ணீர் மட்டுமே கேட்கிறது. திரை விலக்கப்படும் கணத்தில்தான் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கிழிக்கத் தொடங்குகின்றன. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார்.

இரண்டில் எது என்று முன்பே முடிவெடுங்கள். நம் காட்சிக்கு இரண்டாவது வழி பொருந்தும். மணி ஒலிக்கும்வரை இசை கூடாது. ஒலித்த பிறகு, வேண்டுமானால், ஒரே தாழ்ந்த சுரம்.

அந்தத் தாழ்ந்த சுரத்தில் ஒரு சிக்கல் உண்டு. 60 ஹெர்ட்ஸ் போன்ற ஆழமான அதிர்வு ஹெட்ஃபோனில் மிரட்டும், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஃபோனில்தான் பார்ப்பார்கள் என்றால், அதே சுரத்தின் இரண்டு ஸ்தாயி மேலான வடிவத்தையும் மெலிதாகச் சேர்த்துவிடுங்கள். மிக்ஸிங்கின்போது ஹெட்ஃபோனை உச்ச ஒலியில் வைத்து மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். அது செவிக்கும் கேடு. களைத்த காது எல்லாவற்றையும் இன்னும் ஏற்றச் சொல்லும்.

படி 11: இரண்டு சோதனைகள்

கதை தெரியாத இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். படக்குழுவில் இருந்தவர்கள் வேண்டாம்.

1. முதலாமவருக்கு ஒலி இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். சாவி வெளியே இருப்பதும் கதவு எந்தப் பக்கம் என்பதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லையென்றால் முதல் ஷாட்டை நீட்டுங்கள், அல்லது மறுபடி எடுங்கள்.
2. இரண்டாமவருக்குப் படம் இல்லாமல் ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். எத்தனை பேர், ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரத்தில், யார் நெருங்குகிறார் என்று அவர் சொல்ல வேண்டும். செருப்பு கதவருகே வந்து நின்றதை அவர் சொல்லாவிட்டால் குறை ஒலியில் இருக்கிறது, டி.வி. சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பிறகு இருவரையும் முழுப்படம் பார்க்க வையுங்கள். அப்போது திரையைப் பார்க்காமல் அவர்கள் கைகளைப் பாருங்கள். கை ஃபோனுக்கோ தேநீர்க் கோப்பைக்கோ போகும் விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மூன்றாவது ஷாட்டின் பிற்பாதியாக இருக்கும். அங்கே புதிய ஷாட் எதையும் சேர்க்காதீர்கள். செருப்புச் சத்தத்தின் முதல் படியை அந்த விநாடிக்கு முன்னால் நகர்த்தி வைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.